காலாவதித் தேதியும் விரிதாளின் வண்ணமும்



மருந்தைப் பற்றிப் பேசக் கூடும் சபைகளில் மருத்துவர்களின் பெருமையும் புதிய மருந்துகளின் பெருமையும் பேசப்படுவது வழக்கமேயன்றி, அம்மருந்து கெடுவதற்கு முன்னே நோயாளியின் கைக்குப் போய்ச் சேரவேண்டுமே என்ற கவலையோடு அலமாரிகளுக்கிடையே நின்று ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் பண்டகசாலைப் பணியாளரின் காரியம் பேசப்படுவது மிகவும் அபூர்வம். அந்தக் காரியத்தின் ஒரு பகுதியை, அதாவது எக்ஸெல் முதலிய விரிதாள்களில் காலாவதித் தேதிகளை அவற்றின் நெருக்கத்துக்குத் தக்கபடி வண்ணமிட்டுக் காட்டும் முறையை, இன்று விளக்கவேண்டுமென்று பணித்திருக்கிறீர்கள். வண்ணம் இடுவதற்கு இரண்டு நிமிஷம் போதும். எந்த நாள் முதல் எந்த நாள் வரையில் என்று எல்லையை வகுப்பதற்குத்தான் யோசனை வேண்டும். ஆகையால் என் பேச்சில் பெரும்பகுதி அந்த எல்லையைப் பற்றியதாகவே இருக்கும்.

1994-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் போன்ற பெரிய ஸ்தாபனங்கள் தங்கள் கிடங்குகளைக் கணினி மென்பொருள்களைக்கொண்டே நிர்வகித்து வருகின்றன. தர்ம ஆஸ்பத்திரிகளுக்கும், சிற்றூர்களில் உள்ள நர்ஸிங் ஹோம்களுக்கும், தொழிற்சாலைகளைச் சார்ந்த மருந்தகங்களுக்கும் அத்தகைய ஏற்பாடு எளிதில் வாய்ப்பதில்லை. அங்கெல்லாம் மருந்தின் பெயர் ஒரு பத்தியிலும், பேட்ச் எண் அடுத்த பத்தியிலும், காலாவதித் தேதி, கையிருப்பு என்பவை அவற்றையடுத்த பத்திகளிலுமாக எழுதப்பட்ட ஒரு விரிதாளே பண்டகசாலையின் கண்ணும் காதுமாக இருந்து வருகிறது. சில நூறு மருந்துகளுக்கு இரண்டு மூன்று பேட்ச் வீதம் வரிசைகள் ஏறிக்கொண்டே போகும்போது, எவ்வளவு சிரத்தையுள்ளவரானாலும் அத்தனை தேதிகளையும் நாள்தோறும் கண்ணால் வாசித்து, கழிந்தது எது, கழியப்போவது எது என்று பிரித்துக்கொண்டிருத்தல் சாத்தியமன்று. எக்ஸெல் 97 என்னும் பதிப்பில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்ற வசதி சேர்க்கப்பட்டபோது இந்தச் சங்கடத்துக்கு ஒரு பரிகாரம் கிடைத்தது. கட்டத்தில் உள்ள எண் இன்ன நிபந்தனைக்கு உட்பட்டால் இன்ன வண்ணம் பூசுக என்று கட்டளையிட்டு வைத்துவிட்டால், அதன்பிறகு வண்ணம் தானே ஏறும், தானே இறங்கும். ஓரிடத்துக்கு மூன்று நிபந்தனைகள்தான் இடலாம் என்று அப்போதிருந்த வரம்பும் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் நீங்கிவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸிலும், கூகுள் ஷீட்ஸிலும் இதே வசதி உண்டு.

தேதியை வண்ணத்தால் பிரிப்பதற்கு முன்பு, தேதி என்பதை இந்த இயந்திரம் எவ்வாறு தன்னுள் வைத்திருக்கிறது என்பதை அறிந்துகொள்ளுதல் அவசியம். கட்டத்தில் 31-10-2026 என்று நாம் காண்பது நம் கண்ணுக்காக இடப்பட்ட வேஷம். உள்ளே இருப்பது 46326 என்னும் எண். 1900-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியை 1 என்று வைத்து, நாளுக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டே வந்ததனால் கிடைத்த எண் அது. ஆதி நாள் ஒன்றைக் குறித்துக்கொண்டு அதிலிருந்து இடைவிடாமல் நாட்களை எண்ணிப்போகும் வழக்கம் நமக்குப் புதியதன்று. நம் பஞ்சாங்க கணிதர்கள் கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாட்களை எண்ணி, அத்தொகையை அகர்கணம் என்று வழங்கினார்கள்; 1825-ல் சென்னையில் வெளிவந்த காலசங்கலிதம் என்னும் நூலில் ஜான் வாரன் என்பவர், புதுச்சேரியைச் சேர்ந்த பஞ்சாங்க கணிதர் ஒருவர் தரையில் கிளிஞ்சல்களை வைத்து, மனனம் செய்த வாய்பாடுகளின் துணைகொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைக் குறித்திருக்கிறார். மாதங்களுக்கு நாட்கள் கூடியும் குறைந்தும் இருப்பதனால் உண்டாகும் தொல்லையையெல்லாம் ஒரே தொடர்ச்சியான எண்ணிக்கையால் கடந்துவிடும் அந்தச் சாமர்த்தியத்தையே விரிதாளும் கைக்கொண்டிருக்கிறது. எக்ஸெலின் எண்ணிக்கையில் பழைய பிசகு ஒன்றும் உண்டு: நூறாம் ஆண்டுகளுள் 400-ஆல் வகுபடுவனவே லீப் ஆண்டுகள் என்பதனால் 1900-ல் பிப்ரவரி 29 என்பதே கிடையாது, ஆயினும் அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த லோட்டஸ் 1-2-3 அந்நாளையும் கணக்கில் சேர்த்திருந்தமையால், அதன் கோப்புக்களோடு ஒத்துப்போகவேண்டி எக்ஸெலும் அதனைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. இக்காலத்து மருந்துகளின் தேதியை அந்தப் பிசகு தொடுவதில்லை.

தேதி ஓர் எண்ணாகிவிட்டபடியால், கால எல்லை என்பது இரண்டு எண்களுக்கு இடைப்பட்ட வெளியாகிவிடுகிறது; இன்றைய எண்ணைவிடச் சிறியது கழிந்தது, பெரியது வரவிருப்பது. இவ்வளவு எளிய கணக்கில் பிழைக்கு எங்கே இடம் என்று நீங்கள் கேட்கலாம். மருந்து அட்டையின் ஓரத்தில் அழுத்திப் பதித்திருக்கும் எழுத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். அங்கே 10/2026 என்று மாதமும் ஆண்டும் இருக்கும். பெரும்பாலும் நாள் இராது. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள் இதற்குத் தெளிவான பொருள் கூறுகின்றன: குறிப்பிட்ட மாதத்தின் கடைசி நாள் வரையில் அம்மருந்து உபயோகத்துக்கு உரியது. ஆகவே அக்டோபர் 31-ஆம் தேதி இரவு வரையில் அந்த மாத்திரையை வழங்கலாம். நவம்பர் முதல் தேதி விடிந்தபின் வழங்கலாகாது. இதே 10/2026 என்பதை எக்ஸெலின் கட்டத்தில் எழுதினால் நிகழ்வது வேறு. நாள் சொல்லப்படாத மாதத்துக்கு அது தானாகவே முதல் தேதியை இட்டுக்கொள்கிறது. உள்ளே போய் அமரும் எண் 46296, அதாவது அக்டோபர் முதல் தேதி. இன்றைக்கு முந்திய தேதியெல்லாம் சிவப்பு என்று ஒருவர் விதி எழுதிவைத்திருந்தால், அக்டோபர் இரண்டாம் தேதி காலையிலேயே அந்த வரிசை சிவந்து நிற்கும்; இன்னும் முப்பது நாள் ஒரு நோயாளியின் துன்பத்தைத் தணித்திருக்கக்கூடிய மருந்து, நிறத்தை நம்பிய ஒரு கையினால் கழிவுப் பெட்டிக்குள் போய்விடும்.

ஆண்டை இரண்டு இலக்கமாகச் சுருக்கி 10/26 என்று எழுதும் பழக்கம் இதனினும் அபாயமானது. அமெரிக்க முறைப்படி மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் வைத்து வாசிக்குமாறு அமைந்த கணினியில், அது நடப்பு ஆண்டின் அக்டோபர் 26-ஆம் தேதி என்று கொள்ளப்பட்டுவிடும். அட்டையில் உள்ளதைப் பார்த்து எழுதியவர் ஒரு குற்றமும் செய்யவில்லை; ஆனால் 2025-ல் அவர் எழுதிய அந்த மருந்தின் ஆயுள் ஒரு வருஷம் குறைந்துபோயிற்று. சாய்கோட்டுக்குப் பதிலாகப் புள்ளியிட்டு 10.2026 என்று எழுதுவோரும் உண்டு. அதனை இயந்திரம் பத்தும் சொச்சமும் கொண்ட ஒரு தசம எண்ணாக வாசித்து, 1900-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துக்கு அனுப்பிவிடும்; எழுதிய கணத்திலேயே அந்தக் கட்டம் சிவக்கும். இதிலாவது பிழை கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. 10/2026 வரை என்று எழுத்தையும் சேர்த்து எழுதினாலோ அது தேதி என்ற நிலையையே இழந்து வெறும் எழுத்துத் தொடராகிவிடுகிறது. அதன்மேல் எந்த விதியும் செல்லாது, எந்த வண்ணமும் ஏறாது. காலம் கடந்த மருந்து வெள்ளை வரிசையில், நல்ல மருந்துகளின் நடுவே, நல்லதுபோலவே கிடக்கும். இவற்றுள் எது மிகவும் கொடியது என்று என்னைக் கேட்டால், இந்த வெள்ளை வரிசைதான் என்பேன். தவறாகச் சிவந்ததை யாரேனும் எடுத்துப் பார்ப்பார்கள். வெளுத்திருப்பதை ஒருவரும் பார்ப்பதில்லை.

ஆகவே விதியை எழுதும்போது இவ்வளவையும் மனத்தில் வைத்து எழுதவேண்டும். காலாவதித் தேதி டி என்னும் பத்தியில் இருப்பதாகவும், தலைப்புக்குக் கீழே இரண்டாம் வரிசையிலிருந்து மருந்துகள் தொடங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். இரண்டாம் வரிசை முதல் கடைசி வரிசை வரையில் பட்டியல் முழுவதையும் தேர்ந்துகொண்டு, ஹோம் என்னும் தாவலில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்பதைத் திறந்து, நியூ ரூல் என்பதற்குள் சூத்திரம் எழுதும் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கில எழுத்துக்களில் தட்டச்சிடவேண்டிய சூத்திரத்தை நம் எழுத்தில் சொல்வதானால் அது பின்வருமாறு அமையும்:

=ஆண்ட்(இஸ்நம்பர்($டி2), இஓமன்த்($டி2, 0) < டுடே())

இஓமன்த் என்பது கொடுக்கப்பட்ட தேதியின் மாதக் கடைசியைத் தருவது; முதல் தேதியாகப் பதிவான அக்டோபரை 31-ஆம் தேதியாக்கி, சட்டம் சொல்லும் பொருளை அந்தக் கட்டத்துக்கு மீட்டுக் கொடுப்பது அதுவே. இஸ்நம்பர் என்பது கட்டத்தில் உண்மையாகவே எண் இருக்கிறதா என்று பார்ப்பது. அது இல்லாவிட்டால் பட்டியலின் அடியில் எதிர்காலத்துக்கென்று விட்டுவைத்த வெற்று வரிசைகளெல்லாம் சிவந்துபோகும். வெறுமையை எக்ஸெல் பூஜ்யமாகக் கொள்வதும், பூஜ்யத்தின் மாதக் கடைசி 1900-ஆம் ஆண்டில் விழுவதுமே காரணம். டி என்னும் எழுத்துக்கு முன்னே நிற்கும் டாலர் குறி, வரிசையில் உள்ள எந்தக் கட்டத்தைச் சோதித்தாலும் டி பத்தியையே பார் என்று இயந்திரத்துக்கு இடும் ஆணை. அக்குறி இருந்தால்தான் மருந்தின் பெயர் முதல் கையிருப்பு வரையில் வரிசை முழுவதும் ஒருசேர நிறம் பெறும். 2 என்னும் எண்ணுக்கு முன்னே அக்குறி இடலாகாது. இட்டால் எல்லா மருந்துகளும் இரண்டாம் வரிசையில் உள்ள மருந்தின் தலைவிதியையே அடையும். மற்றொரு விதியையும் உடனே எழுதிவையுங்கள்: கட்டம் வெறுமையாக இல்லாமலும், அதிலுள்ளது எண்ணாக இல்லாமலும் இருந்தால் ஊதா வண்ணம் என்று. மேலே நான் அஞ்சிய அந்த வெள்ளை வரிசை அப்போது தன்னைக் காட்டிக்கொண்டுவிடும்.

கழிந்தது தீர்ந்தது, இனிக் கழியப்போவது. கண்டிஷனல் ஃபார்மேட்டிங் மெனுவிலேயே நேற்று, இன்று, அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று ஆயத்தமான கால எல்லைகள் சில உண்டெனினும், அடுத்த மூன்று மாதம் என்பது அவற்றுள் இல்லை, சூத்திரத்தால்தான் அமைக்கவேண்டும். பலர் இன்றைய தேதியோடு தொண்ணூறைக் கூட்டி எல்லை வகுக்கிறார்கள். நான் அதனை விரும்புவதில்லை. மாதக் கடைசியில் முடியும் பொருள்களுக்கு மாதக் கணக்கே பொருத்தம்: மருந்தின் மாதக் கடைசி, இன்றிலிருந்து மூன்றாம் மாதத்தின் கடைசிக்கு மேற்படாதிருந்தால் மஞ்சள் என்று எழுதினால், மாதத்தின் முதல் தேதியில் மட்டும் பட்டியல் நிறம் மாறும், எஞ்சிய நாட்களில் அசையாமல் நிற்கும். முதல் தேதியன்று அதனைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரி அலமாரியாகப் பார்த்து முடிக்கலாம். மூன்று மாதம் என்பதும் சாஸ்திரம் அன்று. மருந்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்கு உங்கள் விநியோகஸ்தர் எத்தனை மாதக் கெடு வைத்திருக்கிறாரோ, பக்கத்து மருத்துவமனைக்கு அனுப்பி மாற்றிக்கொள்ள எத்தனை மாதம் பிடிக்குமோ, அதனைக் கேட்டறிந்து வகுக்கவேண்டும். மஞ்சள் கண்டதும் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்குமானால்தான் அந்த மஞ்சளுக்கு அர்த்தம் உண்டு.

இவ்விடத்தில் நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் விஷயம் ஒன்று உண்டு. காலாவதித் தேதியை மட்டும் பார்த்து வகுத்த எல்லை பாதி உண்மையைத்தான் சொல்லும். ரத்த அழுத்தத்துக்கான ஒரு மாத்திரை மாதந்தோறும் 60 அட்டை செலவாவதாகக் கொள்வோம். கையிருப்பில் இரண்டு பேட்ச். ஒவ்வொன்றிலும் 300 அட்டை. ஒன்றுக்கு இன்னும் ஆறு மாதம் ஆயுள், மற்றதற்கு எட்டு மாதம். மூன்று மாத எல்லைக்குள் இரண்டும் வரவில்லை. ஆகவே இரண்டும் வெள்ளை. பேட்ச் வாரியாகக் கையிருப்பைச் செலவால் வகுத்துப் பார்த்தாலும், ஒவ்வொன்றும் ஐந்து மாதத்தில் தீர்ந்துவிடும் என்றே தோன்றும், அப்போதும் கவலையில்லை. ஆனால் நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக வருவதுபோல பேட்ச்களும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செலவாகும். முன்னே காலாவதியாவதை முன்னே கொடு என்ற நியமத்தின்படி முதல் பேட்ச் ஐந்தாம் மாதம் தீர்ந்த பின்னரே இரண்டாவது தொடங்கும்; அதற்கு எஞ்சியிருப்பது மூன்றே மாதம், செலவாகப்போவது 180 அட்டை, காலாவதியில் சிக்கப்போவது 120 அட்டை. இந்த நஷ்டம் இன்றைக்கே, எட்டு மாதம் முன்னதாகவே, கணக்கில் தெரிகிறது. நாட்களை மட்டும் எண்ணும் மஞ்சளோ ஐந்து மாதம் கழித்துத்தான் வாயைத் திறக்கும்.

இதற்குரிய விதி கடினமன்று. அதே மருந்தில், இந்த பேட்ச்சின் தேதியிலோ அதற்கு முன்போ காலாவதியாகும் கையிருப்பையெல்லாம் சம்இஃப்ஸ் என்னும் சார்பினால் கூட்டி ஒரு பத்தியில் நிறுத்துங்கள். அதனை மாதச் செலவால் வகுத்து வரும் மாதங்களை அடுத்த பத்தியில் வையுங்கள். ஏற்கெனவே காலம் கடந்தவற்றை இந்தக் கூட்டலில் சேர்க்கலாகாது. அவை செலவாகப் போவதில்லை. எஞ்சிய ஆயுளைவிட அந்த மாதங்கள் மிகுந்திருந்தால் ஆரஞ்சு வண்ணம் என்று விதி செய்துவிட்டால், நம் உதாரணத்தின் இரண்டாம் பேட்ச் இன்றே நிறம் பெற்று நிற்கும். அந்த 120 அட்டை வேறொரு மருத்துவமனையில் வேறொருவருக்கு உதவுவதற்கு எட்டு மாத அவகாசம் கிடைக்கும். மாதச் செலவு என்பது மழைக்காலத்தில் ஒன்றும் கோடையில் ஒன்றுமாக மாறக்கூடியதாகையால், சென்ற ஆண்டின் அதே மாதங்களைப் பார்த்து அதனைக் குறித்தல் உத்தமம்.

விதிகளின் வரிசையும் கவனத்துக்கு உரியது. காலம் கடந்த மருந்து, மூன்று மாத எல்லைக்கு உட்பட்டதாகவும் கணக்கில் வருமாகையால், மஞ்சள் விதி மேலே இருந்தால் செத்துப்போன மருந்தும் மஞ்சளாகவே நிற்கும். இரண்டு விதிகள் மோதும்போது மேலே உள்ளதே வெல்லும். ஆகவே ஊதா, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று மேலிருந்து கீழாக அமையுங்கள். இதற்குமேல் ஐந்தாவது வண்ணம் வேண்டாமென்பது என் அபிப்பிராயம். ஆறு மாதத்துக்கு ஒன்று, ஒன்பது மாதத்துக்கு ஒன்று, நலமாக இருப்பவற்றுக்குப் பச்சை என்று கூட்டிக்கொண்டே போன பட்டியல்களை நான் கண்டதுண்டு. அவற்றில் எந்த நிறமும் எழுந்து நிற்பதில்லை. நலமாக இருப்பது வெள்ளையாகவே இருக்கட்டும்.

பச்சையை விலக்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோர், முக்கியமாக ஆண்களுள், நாம் நினைப்பதைவிட அதிகம். தமக்கே அக்குறை இருப்பதை உணர்ந்து, ரசாயன அறிஞர் ஜான் டால்டன் 1794-ல் மான்செஸ்டர் சங்கத்தில் அதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். தம் கண்ணின் இயல்பையே ஆராய்ச்சிக்கு உட்படுத்திய அந்த நேர்மையை வியக்கிறேன். பண்டகசாலையில் யாருடைய கண் எத்தகையது என்று நாம் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. ஆகையால் சிவப்புக்குக் கருஞ்சிவப்பும் வெள்ளை எழுத்தும், மஞ்சளுக்கு வெளிறிய பின்னணியும் கறுப்பு எழுத்தும் என்று வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வினாலேயே அவை பிரியுமாறு அமைத்து, பக்கத்தில் ஒரு பத்தியில் காலாவதி, நெருங்கியது, மிகுதி, தேதி பிழை என்று சொல்லாலும் எழுதிக் காட்டுங்கள். கறுப்பு மையில் அச்சிட்ட நகலை எடுத்துக்கொண்டு அலமாரிக்குச் செல்பவருக்கும் அந்தச் சொல்லே துணை. கழிந்தவை எத்தனை என்று எண்ணுவதற்கும் அந்தச் சொற்பத்தி வேண்டும். கவுண்ட்இஃப் சொல்லை எண்ணும், நிறத்தை எண்ணாது.

டுடே என்னும் சார்பு கணினியின் கடிகாரத்தைக் கேட்டே இன்றைய தேதியைச் சொல்லுகிறது. பழைய கணினிகளில் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் நின்று வரும்போது கடிகாரம் பல ஆண்டு பின்னுக்குப் போய்விடுவதுண்டு. அன்றைக்குப் பட்டியலில் ஒரு சிவப்பும் இராது, எல்லா மருந்தும் இளமையோடு விளங்கும். எனவே தாளின் தலைப்பில் ஒரு கட்டத்தில் இன்றைய தேதியைப் பெரிய எழுத்தில் காட்டும்படி செய்யுங்கள். வரிசைகளை ஓரிடத்திலிருந்து வெட்டி மற்றோரிடத்தில் ஒட்டும்போது விதிகளும் துண்டு துண்டாகப் பெருகிவிடும். மேனேஜ் ரூல்ஸ் என்பதைத் திறந்து, நான்கு விதிகள் நாற்பதாகியிருந்தால் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதே சுலபம். தேதிப் பத்திக்கு டேட்டா வேலிடேஷன் என்னும் காவலையும் இட்டு, 2020-க்கு முந்திய தேதியையும் எழுத்துத் தொடரையும் உள்ளே விடாமல் தடுத்தால், ஊதா நிறத்துக்கு அதிக வேலை இராது.

எல்லாம் அமைத்தபின், பட்டியலை அப்படியே ஒப்படைத்துவிடாமல் எல்லையில் நின்று சோதித்துப் பாருங்கள். சென்ற மாதம், இந்த மாதம், இன்றிலிருந்து மூன்றாம் மாதம், நான்காம் மாதம் என்று நான்கு பொய் வரிசைகளை எழுதினால், முதலாவது சிவப்பாகவும், நடுவில் உள்ள இரண்டும் மஞ்சளாகவும், நான்காவது வெள்ளையாகவும் வரவேண்டும். ஒன்று தவறினாலும் விதியில் எங்கோ ஒரு நாள் கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. அந்த மூன்று மாதம் என்ற எண்ணையும் சூத்திரத்துக்குள் புதைத்து வைக்காமல், தாளின் மேற்பகுதியில் ஒரு கட்டத்தில் வெளிப்படையாக எழுதி, சூத்திரம் அக்கட்டத்தைப் பார்க்கும்படி செய்யுங்கள். அப்போது மருந்தாளுநரும், கணக்கரும், தலைமை மருத்துவரும் அதன் முன்னே அமர்ந்து, தடுப்பூசிக்கு மூன்று போதுமா, அரிதாகச் செலவாகும் விஷமுறிவு மருந்துக்கு ஆறு வேண்டுமா என்று விவாதித்து, சூத்திரம் அறியாதவரும் தம் கையாலேயே அந்த எண்ணை மாற்றலாம்.